வகுப்பறையில் அன்டிகனி

துன்பியல் நாடகத்தை உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியருக்குக் கைகொடுப்பதுபோல் வந்து காலை வாரிவிடும் சொல் ஒன்று உண்டு. அது ‘விதி’. நாயகி ஏன் மடிந்தாள்? விதி. அரசன் ஏன் அழிந்தான்? விதி. சிலப்பதிகாரத்தில் ஊழ்வினையைக் கேட்டறிந்த தமிழ் மாணவனுக்கு இவ்விடை எளிதில் வாய்க்கிறது. விடை வந்ததும் பாடம் முடிந்துவிடுகிறது. நாடகமோ தொடங்கியிருக்காது.

கி.மு. 441ஆம் ஆண்டளவில் ஏதென்சில் அரங்கேறியதாகக் கருதப்படும் சோபொக்கிளீசின் ‘அன்டிகனி’யை எடுத்துக்கொள்ளலாம். தீப்ஸ் நகரின் ஆட்சிக்காக உடன்பிறந்தார் இருவர் பொருது ஒருவரையொருவர் கொன்று மடிகின்றனர். நகரைக் காத்தவனுக்குச் சிறப்போடு அடக்கம். படைகொண்டு வந்தவன் உடல் நாய்க்கும் பறவைக்கும் என்று புதிய அரசன் கிரியோன் ஆணையிடுகிறான். மீறினால் மரணம். இறந்தோரின் உடன்பிறந்தாளான அன்டிகனி மீறுகிறாள். கிடந்த உடல்மேல் மண்ணைத் தூவுகிறாள்.

கிரியோன் அவளுக்குத் தாய்மாமன். அவன் மகன் ஈமோன் அவளை மணக்க நிச்சயிக்கப்பட்டவன். ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போகும் இவ்வுறவைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. தாய் தந்தையற்ற பெண்ணுக்குத் தாய்மாமன் யார் என்பதைத் தம் இல்லத்துச் சடங்குகளிலேயே கண்டவர்கள் அவர்கள். உறவுமுறையைக் கரும்பலகையில் எழுதினாலே வகுப்பில் சலசலப்பு எழும்.

அச்சலசலப்பு கிரியோனைக் கொடியவனாக்கித் தீர்ப்பெழுத விரையும். அங்கேதான் ஆசிரியர் சற்றுத் தடுத்து நிறுத்த வேண்டும். அவனது முதற்பேச்சை வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் மாணவனிடம் கொடுத்துவிடுவது நலம். நாட்டினும் நண்பனைப் பெரிதாக எண்ணுபவன் ஒரு பொருட்டாகான் என்னும் கருத்துடைய அப்பேச்சை, கி.மு. 343இல் டெமொஸ்தனீஸ் நாட்டுப்பற்றுக்குச் சான்றாக வழக்குமன்றத்தில் படிக்கச் செய்தார். ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்நாடகத்தை நடித்தபோது கிரியோனாக நின்றவர் நெல்சன் மண்டேலா. தொடக்கத்தில் கிரியோன் நேர்மையும் நாட்டுப்பற்றும் உடையவனே என்று 1994இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் எழுதினார். அரசின் ஆணையால் சிறைப்பட்டவரே அரசனுக்கு இவ்வளவு இடம் கொடுத்தார் என்பதை மாணவர் சிந்திக்கட்டும்.

இனி, விதி என்ற சொல்லுக்கு வருவோர் ஒரேயோர் இடத்தை நிதானமாகப் படித்தல் வேண்டும். அன்டிகனி உயிரோடு குகையில் அடைக்கப்பட்டுவிட்டாள். குருட்டு முனிவன் தைரீசியஸ் எச்சரித்துச் சென்றபின் கிரியோன் கலங்குகிறான். ஊர் முதியோரிடம் வழி கேட்கிறான். முதலில் பெண்ணை விடுவி, பிறகு இறந்தவனுக்குக் கல்லறை எழுப்பு என்கின்றனர் அவர்கள். அவனும் ஓடுகிறான். ஆனால் முதலில் பிணத்திடம் போகிறான். நீராட்டி, எரித்து, மேடெழுப்பி, எல்லாம் முறையாக முடித்துவிட்டுக் குகைக்கு வருகிறான். அதற்குள் அவள் தூக்கிட்டு இறந்துகிடக்கிறாள்; தந்தையின் கண்முன்னே ஈமோன் வாளில் பாய்கிறான்.

ஏன் அந்த வரிசை மாறியது? தெய்வத்தின்மேல் கொண்ட அச்சமா? உயிருள்ளவள் காத்திருப்பாள் என்ற எண்ணமா? தவற்றைத் திருத்தும்போதும் சடங்கை முதலில் வைக்கும் அரசப் பழக்கமா? நாடகம் விடை தரவில்லை. தேர்வுத்தாளும் இதைக் கேட்பதில்லை. ‘பாத்திரப் படைப்பை விளக்குக’ என்பதோடு அது அமைந்துவிடும். ஆயினும் ஒரு வகுப்பு முழுவதையும் இக்கேள்விக்கே செலவிடும் ஆசிரியர் நேரத்தை வீணாக்கியவர் ஆகார்.

இன்னோர் இடமும் உண்டு. மகன் இறந்த செய்தியைத் தூதுவன் வாயால் கேட்ட அரசி யூரிடிசி, ஒரு சொல்லும் பேசாமல் அரண்மனைக்குள் திரும்புகிறாள். அவள் உயிரையும் பிறகு தூதுவன் சொல்லித்தான் அறிகிறோம். உரக்கப் படிக்கும் வகுப்பில் அந்த மௌனம் தவறிப்போகும். படிக்க வரி இல்லையே! அவள் பகுதியை ஏற்ற மாணவி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மெல்ல எழுந்து கதவுவரை நடந்து செல்லட்டும். அவள் போய்ச் சேரும்வரை அடுத்த வரியை எவரும் படிக்க வேண்டாம்.