தைலக்காப்பு

திருவரங்கத்து உத்தர வீதிகளுள் ஒன்றில் ஒரு மூத்த தம்பதியர் வாழ்ந்து வருகின்றனர். பெரியவருக்கு வயது 79. அரசுக் கருவூலத்தில் கணக்கராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அம்மையாருக்கு வயது 74. மகனும் மகளும் வெளியூர்களில் குடும்பத்தோடு இருக்கின்றனர். மணமாகி இவ்வூருக்கு வந்த நாள் தொட்டு, மாலையில் பெருமாளைச் சேவித்த பின்னரே இரவு உணவு என்பது அம்மையாரின் நியமம். மழையும் வெயிலும் அந்த நியமத்தைத் தடுத்ததில்லை. தடுத்தவை அவருடைய முழங்கால்களே.

தொடக்கத்தில், காலையில் படுக்கையை விட்டு எழும்போது மட்டும் மூட்டுகள் இறுகியிருந்தன. பத்து நிமிடம் நடமாடினால் இளகிவிடும். பிறகு படியேறும்போது வலி வந்தது. தரையில் அமர்ந்தால் எழுவது கடினமாயிற்று. கணுக்கால்களும் சேர்ந்துகொண்டன. ஒரு நாள் கருடாழ்வார் சந்நிதிக்கு எதிரே விழுந்து சேவித்தவரால் எழுந்திருக்க இயலவில்லை. முன்பின் அறியாத இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினர். அவர்கள் அன்போடுதான் உதவினர். ஆயினும் வீடு திரும்பியதும், "பெருமாளைச் சேவிக்கப் போனவள் நாலு பேருக்குப் பாரமா ஆயிட்டேனே" என்று அம்மையார் கண்கலங்கினார். மறுநாள் முதல் கோயிலுக்குச் செல்வதையே நிறுத்திக்கொண்டார். மாலை வேளையில் திண்ணையில் நின்று, கோயில் இருக்கும் திசை நோக்கிக் கைகூப்புவதோடு சரி.

அலோபதி மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். மூட்டெலும்புகளின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்திருந்தது. மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கி வந்த வலி மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார். அவை நாள்பட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று எச்சரித்தார். தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் கைத்தடியும் போதும், அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம் என்றார். அவருடைய சம்மதத்தோடு, பெரியவர் மனைவியை ஆயுர்வேத வைத்தியர் ஒருவரிடமும் அழைத்துச் சென்றார்.

அண்டை வீட்டார் சொன்னார்கள் என்று முன்பே வாங்கி வைத்திருந்த தைலப் புட்டியைப் பெரியவர் எடுத்துக் காட்டினார். அது பிண்ட தைலம். மஞ்சிட்டி, நன்னாரி, தேன்மெழுகு முதலியவை சேர்ந்த அந்தத் தைலம், எரிச்சலும் சிவப்பும் மிகுந்த மூட்டுகளுக்கு உரியது என்று வைத்தியர் விளக்கினார். இறுக்கமும் வீக்கமும் மிகுந்தால் கொட்டம்சுக்காதி தைலம். கோஷ்டம், சுக்கு, வசம்பு, பூண்டு, முருங்கை, தேவதாரு இவற்றோடு புளிச்சாறும் தயிரும் சேர்த்து நல்லெண்ணெயில் காய்ச்சப்படுவது. முதுமையால் உலர்ந்து தேய்ந்த மூட்டுக்குத் தான்வந்தரம் குழம்பு. குறுந்தோட்டி வேரும் தசமூலமும் பாலும் சேர்ந்தது. குழம்பு என்பதால் நல்லெண்ணெயோடு விளக்கெண்ணெயும் நெய்யும் அதில் உண்டு. அம்மையாருக்கு அதையே எழுதிக் கொடுத்தார்.

"முதுமை வாதத்தின் பருவம். வாதம் உலர்த்தும், குளிர்விக்கும். வெதுவெதுப்பான எண்ணெய் அதற்கு நேர் எதிர்" என்றார் வைத்தியர். வண்டியின் அச்சுக்கு எண்ணெய் இடுவதைச் சரகர் உவமையாகக் கூறியிருப்பதையும், நாள்தோறும் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டும், அதிலும் தலை, காது, பாதம் இவற்றை விடலாகாது என்று வாக்படர் அஷ்டாங்க ஹிருதயத்தில் வகுத்திருப்பதையும் எடுத்துரைத்தார். பின்னர் அம்மையாரை நேராகப் பார்த்து, "தேய்ந்து போனதை இந்தத் தைலம் வளர்க்காது. இருப்பதைப் பேணும், இறுக்கத்தைத் தளர்த்தும், தசைக்கு இதம் தரும். அதனால்தான் பெரியவர்கள் இதற்கு எண்ணெய்க் காப்பு என்று பெயர் வைத்தார்கள். பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள்" என்றார்.

செய்முறையையும் அவரே சொல்லிக் கொடுத்தார். எண்ணெயை அடுப்பின் மீது நேரே வைத்துச் சுட வைக்கக் கூடாது. சிறு கிண்ணத்தில் ஊற்றி, அக்கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்தால் போதிய சூடு ஏறிவிடும். தேய்ப்பவர் தம் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பின்னரே பிறர் உடலில் இட வேண்டும். நீரிழிவு உடையோருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடு பட்டாலும் தெரியாது. மூட்டுகளில் வட்டமாகவும், தொடையிலும் காலிலும் நீளவாக்கிலும், அழுத்தாமல் பதினைந்து இருபது நிமிடம் தடவ வேண்டும். அரை மணி நேரம் ஊறிய பின் பயத்தம் மாவு தேய்த்து வெந்நீரில் கழுவலாம். எழுந்து நிற்குமுன் உள்ளங்காலையும் தரையையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். மூட்டுவலிக்கு இட்ட எண்ணெயே வழுக்கி விழவும் இடுப்பெலும்பு முறியவும் காரணமாகிவிடக் கூடாதல்லவா!

காய்ச்சல், அஜீரணம், புண் இருக்கும் நாளிலும், உணவு உண்ட உடனேயும் தைலம் ஆகாது. மூட்டு திடீரெனச் சிவந்து கொதித்தாலும், கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும், காலை நேர இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும் தைலப் புட்டியைத் தேடாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முதல் மாதம், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணே நாள்தோறும் காலையில் தைலம் தேய்த்துவிட்டாள். அம்மையாருக்கு எழுந்து நடமாடுவது சற்றே எளிதாயிற்று. பிறகு அந்தப் பெண் தன் மகளின் பிரசவத்துக்காகச் சொந்த ஊருக்குப் போய்விட்டாள். அம்மையார் தாமே தேய்த்துக்கொள்ள முயன்றார். முழங்கால் ஓரளவு எட்டியது. குனிந்து கணுக்காலையும் பாதத்தையும் தொட முடியவில்லை. பத்து நாட்கள் தைலம் நின்றது. பழைய இறுக்கம் திரும்பி வந்தது.

ஒரு நாள் காலை பெரியவர் தாமே வெந்நீரில் கிண்ணத்தை வைத்துத் தைலத்தைச் சுட வைத்தார். அம்மையாரின் நாற்காலிக்கு முன் ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்தார். அம்மையார் பதறிக் கால்களை இழுத்துக்கொண்டார்.

"என்ன பண்றேள்? என் காலை நீங்க தொடப்படாது. அபசாரம்."

பெரியவர் வற்புறுத்தவில்லை. தைலம் ஆறிப் போயிற்று. மறுநாளும் சுட வைத்தார்; மறுநாளும் ஆறியது. மூன்றாம் நாள், இரவெல்லாம் வலியால் உறங்காத அம்மையார் அரை மனத்தோடு இசைந்தார். "முழங்காலோட நிறுத்திக்கணும். அதுக்குக் கீழே வேண்டாம்" என்பது நிபந்தனை. பெரியவர் அதற்கு உடன்பட்டார். ஐம்பத்து மூன்று ஆண்டு இல்லறத்தில் மனைவி விதித்த முதல் நிபந்தனை அதுவாகத்தான் இருக்கும்.

பழைய கல்வெட்டுகளைப் பற்றிப் படிப்பதில் பெரியவருக்கு ஈடுபாடு உண்டு. தைலம் தேய்க்கும் நேரத்தில் அவற்றைப் பேச்சாக்கினார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அக்கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை நடந்ததை அது கூறுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள் ஆகியோருக்கு உரிய ஊதியமும், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் அதில் உள்ளன. அப்பட்டியலில் ஆமணக்கைப் பெயரில் தாங்கிய தைலங்களும் இடம்பெற்றுள்ளன. "நோயாளிக்கு இடற தைலத்தையும் கோயில் கணக்கிலேதான் எழுதி வெச்சிருக்கா. இது கைங்கரியம். அபசாரம் எங்கேருந்து வரும்?" என்று கேட்டார் கணக்கர். அம்மையார் புன்னகைத்தாரேயன்றிப் பாதத்தை நீட்டவில்லை.

ஆனி மாதம் வந்தது. காவிரியிலிருந்து தங்கக் குடத்திலும் வெள்ளிக் குடங்களிலும் தீர்த்தம் எழுந்தருள, ஜ்யேஷ்டாபிஷேகம் நடைபெற்றது. அதையொட்டி மூலவர் பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு. சுதையால் ஆன திருமேனியாதலால் மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. நறுமணப் பொருள்கள் சேர்த்துக் காய்ச்சிய தைலத்தை இட்டே அத்திருமேனியைக் காத்து வருகின்றனர். தைலம் உலரும்வரை திருமுக மண்டலத்தை மட்டுமே சேவிக்க இயலும். திருவடி சேவை கிடையாது. கோயிலுக்குச் சென்று வந்த அண்டை வீட்டுப் பெண்மணி இதைக் கூறியபோது அம்மையார் நெடுநேரம் மௌனமாக இருந்தார்.

மறுநாள் காலை தைலக் கிண்ணத்தோடு வந்த கணவரிடம், "பெருமாளுக்கே காப்பு வேண்டியிருக்கு, பார்த்தேளா?" என்றார்.

"அவர் தமக்கு வேணும்னா கேட்கிறார்? செய்யறவாளுக்குக் கொடுத்துட்டுப் பேசாம சயனிச்சிண்டிருக்கார்" என்றார் பெரியவர். சற்று நேரம் கழித்து, "துவாரகைக்குக் குசேலர் வந்தப்போ கிருஷ்ணன் அவர் காலை அலம்பிவிட்டானே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"அது பகவான். அவர் எதைச் செய்தாலும் பொருந்தும்."

"நான் கிருஷ்ணனைச் சொல்லலை. குசேலரைச் சொல்றேன். அவர் காலை இழுத்துக்காம இருந்தாரே, அதைச் சொல்றேன்."

அம்மையார் மறுமொழி கூறவில்லை. கூடத்தில் இருந்த பெருமாள் படத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு வலது பாதத்தை மெல்ல முன்னே வைத்தார்.

தம் மனைவியின் பாதத்தைப் பெரியவர் அவ்வளவு அருகில் பார்த்தது அதுவே முதல் முறை. குதிகால் முழுவதும் வெடிப்புகள். கல் பாவிய பிராகாரங்களில் அரை நூற்றாண்டு நடந்து தடித்த தோல். தம் அலுவலகத்துக்கும், பிள்ளைகளின் தேர்வுக்கும், பேரக் குழந்தைகளின் காய்ச்சலுக்கும் வேண்டிக்கொண்டு நடந்த பாதங்கள் அவை என்பதை அவர் அறிவார். ஒன்றும் பேசாமல் தைலத்தைத் தடவினார். முடித்து எழ முயன்றபோது அம்மையார் அவருடைய இரு கைகளையும் பற்றி, எண்ணெய்ப் பிசுக்கோடு தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"கணக்கு நேராயிடுத்து" என்றார் பெரியவர்.

அன்று முதல் ஒரு நாளும் தைலம் தவறவில்லை. அதன் பின் நாற்காலியில் அமர்ந்தபடி அம்மையார் ஒவ்வொரு காலாக நேரே நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குவார்; ஒரு காலுக்குப் பத்து முறை. எண்ணிக்கை சொல்வது பெரியவரின் பொறுப்பு. வலி முற்றிலும் நீங்கிவிடவில்லை. மழைநாளில் இன்றும் மூட்டு முனகத்தான் செய்கிறது. ஆனால் காலையில் சுவரைப் பிடிக்காமல் எழ முடிகிறது; தடியூன்றி வீதிக்கோடி வரை நடக்க முடிகிறது. இரவில் உறக்கம் வருகிறது.

ஆவணி மாதத்தில் கூட்டமில்லாத ஒரு நாள் மாலை, இருவரும் புறப்பட்டனர். வழியில் மண்டபங்களில் இளைப்பாறி இளைப்பாறிச் சென்றனர். கருடாழ்வார் சந்நிதியில் அம்மையார் விழுந்து சேவிக்கவில்லை. நின்றபடியே கைகூப்பித் தலை தாழ்த்தினார். கண்ணில் நீர் வந்தது. ஆனால் அது முன்பு வந்த நீர் அன்று. உள்ளே செல்லும் படியருகே தயங்கி நின்றபோது, பின்னால் வந்த இளம்பெண் ஒருத்தி, "பாட்டி, கையைப் பிடிச்சுக்கோங்க" என்று தன் கையை நீட்டினாள்.

அம்மையார் பற்றிக்கொண்டார்.

தைலக்காப்பு உலர்ந்து, துணி களையப்பட்டிருந்தது. திருமுகம் தொடங்கித் திருவடி வரை பெருமாள் முழுமையாகச் சேவை சாதித்தார். அம்மையார் திருவடிகளையே நோக்கியபடி நின்றார்.