போர்ட்லண்டின் தூக்குவாளி

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்கிறது. இதற்குப் போய்க் குடை பிடிப்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் போர்ட்லண்ட் நகரவாசிகளின் கணிப்பு. வெள்ளிக்கிழமை மாலை. வில்லமெட் ஆற்றின் கிழக்குக் கரையில், பழைய கிட்டங்கிகளுக்கு நடுவே ஒரு சிறிய பீர் ஆலை. கவுண்டர் முன்னால் நனைந்த மேலங்கியோடு நிற்கும் நடுத்தர வயதுக்காரர், பையிலிருந்து பழுப்பு நிறக் கண்ணாடி ஜாடி ஒன்றை எடுத்து வைக்கிறார். கவுண்டர் இளைஞர் முதலில் செய்வது அதை மோந்து பார்ப்பது. முகம் சுளிக்கிறது. ஒன்றும் சொல்லாமல் வெந்நீர்க் குழாயை நோக்கி நடக்கிறார்.

அந்த ஜாடிக்குப் பெயர் குரோலர். கொள்ளளவு 64 அவுன்ஸ், கிட்டத்தட்ட 1.9 லிட்டர். கழுத்தருகே விரல் நுழையும் அளவுக்கு ஒரு காது. ஆலைக் குழாயில் வரும் பீரை இதில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடித்துவிட்டு, அடுத்த வாரம் அதே ஜாடியோடு திரும்பி வர வேண்டும். டீக்கடைக்குத் தூக்குவாளி கொண்டுபோன தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உண்மையில் இதன் மூதாதையே தூக்குவாளிதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் தொழிலாளர் குடியிருப்புகளில், மூடி போட்ட தகர வாளியோடு சிறுவர்களை மதுக்கடைக்கு அனுப்பி அப்பாவுக்குப் பீர் வாங்கிவரச் செய்தார்கள். ‘குரோலர்’ என்றால் உறுமுவது. உறுமியது வாளியின் மூடியா, காத்திருந்த அப்பாவின் வயிறா என்ற சர்ச்சை இன்னும் தீரவில்லை. மதுவிலக்கும் பிறகு வந்த டின்களும் வாளியை ஒழித்துக்கட்டின. 1989இல் வயோமிங் மாநிலத்தில் சிறிய ஆலை நடத்திய சார்லி ஆட்டோ, பாட்டிலில் அடைக்கும் இயந்திரம் வாங்க வசதியில்லாமல், தன் தந்தை நினைவுகூர்ந்த அந்த வாளியைக் கண்ணாடி ஜாடியாக மாற்றினார். ஆலையின் சின்னத்தையும் அதில் அச்சடித்தார். மற்ற ஆலைகளும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டன.

இந்த வழக்கம் போர்ட்லண்டில் வேர்விட்டதில் ஆச்சரியமில்லை. புல் ரன் காட்டிலிருந்து 1895 முதல் வந்துகொண்டிருக்கும் தண்ணீர், உப்புகள் குறைந்த மென்னீர். பீர் காய்ச்சத் தோதானது. வில்லமெட் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் விளைகிறது. சிறிய ஆலைகளின் அடையாளமாகிவிட்ட கேஸ்கேட் ரகம் 1972இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. 1888இல் நகரின் புதிய நீரூற்றில் தண்ணீருக்குப் பதிலாகத் தன் பீரை ஓடவிட ஹென்றி வைன்ஹார்ட் என்ற ஆலை முதலாளி முன்வந்ததாகவும், நகரத் தந்தையர் பயந்துபோய் மறுத்துவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. காய்ச்சிய இடத்திலேயே விற்கலாம் என்று ஆரெகன் மாநிலம் 1985இல் சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் தெருவுக்குத் தெரு ஆலை முளைத்தது.

ஜாடிக்குப் பஞ்சமில்லை, நல்ல ஜாடிக்குத்தான் பஞ்சம். பழம்பொருள் கடைகளில் வண்ணக் கண்ணாடியில் அழகழகாய் ஜாடிகள் கிடைக்கின்றன. அவற்றில் பல பழச்சாறுக்கோ அலங்காரத்துக்கோ செய்தவை, வாயுவின் அழுத்தத்தைத் தாங்காதவை. விளிம்புவரை நிரப்பி, வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டுப் போனால் வெடித்துச் சிதறலாம். எனவே பீருக்கென்றே செய்ததா என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது நிறம். ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் சிதைந்து, ஸ்கங்க் என்ற அமெரிக்கப் பிராணி பீய்ச்சும் நாற்றத்தைத் தருகிறது. நேர் வெயிலில் இதற்குச் சில நிமிடங்களே போதும். பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பெருமளவு தடுத்துவிடும். வெள்ளைக் கண்ணாடி பார்க்கத்தான் அழகு.

கடைசியாக மூடி. பலர் கோட்டை விடுவது இதில்தான். திருகு மூடியின் உள்பக்கம் கூம்பு வடிவில் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு இருக்க வேண்டும். கம்பி போட்டு இறுக்கும் ரகத்தில் ரப்பர் வாஷர் மெத்தென்று இருக்க வேண்டும். ஜாடி பல ஆண்டுகள் உழைக்கும், வாஷர் உழைக்காது. ‘இந்த ஆலை பீரில் வாயுவே இல்லை’ என்று குறைப்படுகிறவர் தன் வாஷரைத் தடவிப் பார்ப்பது நல்லது.

ஜாடியை விடப் பெரிய விஷயம் நிரப்பும் கை. வெந்நீரில் கழுவிய ஜாடியை அப்படியே குழாயடியில் நீட்டினால் பாதி நுரையாகப் போய்விடும். இளைஞர் அதனால்தான் குளிர்ந்த நீரில் அலசுகிறார். குழாயில் ஒரு நீளமான டியூபைச் செருகி, அடிவரை இறக்கி, முதலில் கரியமில வாயுவைச் செலுத்திக் காற்றை வெளியேற்றுகிறார். பிறகே பீர், அடியிலிருந்து மேலாக. மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடுகிறார். இப்படிப் பிடித்தது பிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும்; திறந்துவிட்டால் மறுநாளுக்குள் காலி செய்ய வேண்டும். நான்கு பெரிய டம்ளர் பீர் அது. தனியாகக் குடிப்பவருக்கு 32 அவுன்ஸ் ஜாடியே உடலுக்கும் நல்லது, பீருக்கும் நல்லது.

எவர்சில்வர் ஜாடிகளும் வந்துவிட்டன. இரட்டைச் சுவர் வைத்த பிளாஸ்க் மாதிரியான இவை உடையாது, வெளிச்சம் புகாது, நாள் முழுக்கக் குளிர்ச்சி நிற்கும். ஆற்றங்கரைக்கும் மலைக்கும் தூக்கிப்போக இவைதான் சரி. ஆனால் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று வெளியே தெரியாது. அடியில் அழுக்கு படிந்தாலும் தெரியாது. போர்ட்லண்டிலேயே உள்ள குரோலர்வொர்க்ஸ் நிறுவனம், வாயுக் குப்பி பொருத்திய ‘யூகெக்’ ஜாடிக்காக 2014இல் பொதுமக்களிடமே 15 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. பீர் பல நாள் கெடாமல் இருக்குமாம். தூக்குவாளிக்கு அழுத்தமானி வைத்தது போல இருக்கிறது என்று பழைய ஆட்கள் சிரிக்கலாம்.

சட்டத்தின் கோணல்கள் தனிக்கதை. 32 அவுன்ஸ் ஜாடியையும் 128 அவுன்ஸ் ஜாடியையும் அனுமதித்த ஃபுளோரிடா, நாடே பயன்படுத்திய 64 அவுன்ஸ் ஜாடியை மட்டும் 2015 வரை தடை செய்திருந்தது!

போர்ட்லண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே போட்டி வேறு. 2010களில் கவுண்டரிலேயே அடைத்துத் தரும் 32 அவுன்ஸ் டின் வந்தது. கழுவ வேண்டாம், மோந்து பார்க்க வேண்டாம், திருப்பிக் கொண்டுவரவும் வேண்டாம். 2020இல் கொரோனா பரவியபோது, வாடிக்கையாளர் கொண்டுவரும் ஜாடியைத் தொடப் பல ஆலைகள் மறுத்தன. சில ஆலைகள் பழைய வழக்கத்துக்குத் திரும்பவே இல்லை. இத்தனைக்கும், பாட்டிலுக்கு டெபாசிட் வாங்கும் சட்டத்தை 1971இல் அமெரிக்காவிலேயே முதலில் கொண்டுவந்த மாநிலம் இது. கழுவி மறுபடி நிரப்பும் பாட்டில் திட்டம் ஒன்றும் இங்கே 2018இல் தொடங்கியது. நம் ஊரில் பழைய பேப்பர்காரர் கோணிப்பையோடு சத்தமில்லாமல் செய்துவரும் வேலை!

மூடியை இறுக்கி, அதன் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி ஜாடியை நீட்டுகிறார் இளைஞர். குடித்து முடித்த இரவே வெந்நீரில் அலசுங்கள், சோப்பு வேண்டாம், நுரை நிற்காது. மூடாமல் கவிழ்த்துக் காயவையுங்கள் என்கிறார். மேலங்கிக்காரர் தலையாட்டுகிறார். போன வாரமும் ஆட்டியிருப்பார்.