வரம் எங்கே தெரிகிறது?

ஈப்போவில் எங்கள் தமிழ்ச் சபையார் அண்மையில் வினாத்தாள் ஒன்றை வழங்கினர். ஒவ்வொரு கூற்றுக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டினால், பரிசுத்த ஆவியானவர் நமக்கு அருளியுள்ள வரம் எதுவெனத் தெரியும் என்றனர். தமிழ்ப்பள்ளியில் ஆண்டுக்கணக்காகத் தேர்வுத்தாள் திருத்தியவனுக்கு இது பழகிய வேலை. எனக்குப் 'போதிக்கும் வரம்' என்று வந்தது. என் மனைவி சிரித்தாள்.

அமெரிக்கரான பீட்டர் வாக்னர் 1979இல் வெளியிட்ட நூலில் 27 வரங்களை வகுத்துரைத்தார். அதன் பின்னர் இத்தகைய தாள்கள் பல நாடுகளுக்கும் பரவின. பவுல் அடியாரோ கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் வரங்களை அடுக்கியபின், மனித உடலை உவமை காட்டுகிறார். கண் தனித்துக் கிடந்தால் அது கண்ணாகுமா? ஆசிரியர் பயிற்சியிலும் நான் கண்டது இதுவே. பாடக்குறிப்பை அழகுற எழுதியவர் பலர். நாற்பது பிள்ளைகளின் முன் நின்றபோதுதான் யார் ஆசிரியர் என்பது தெரிந்தது.

நம்மவர் வரலாற்றிலும் சான்று உண்டு. ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) என்னும் தமிழர் வழிநடத்திய சபைகளில் 1860இல் பெரும் எழுப்புதல் உண்டாயிற்று. திருநெல்வேலிச் சீமையின் எளிய மக்கள் அந்நிய பாஷைகளில் பேசினர்; தரிசனம் கண்டனர்; பெண்களும் தீர்க்கதரிசனம் உரைத்தனர். உலகம் பெரிதாகப் பேசும் லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெரு எழுப்புதல் நிகழ்ந்தது 1906இல்தான்! அம்மக்கள் தம்மைச் சோதித்துப் பார்க்க எந்தத் தாளையும் நிரப்பவில்லை. கூடியிருந்தோர் கேட்டனர், ஏற்றவரும் உண்டு, ஐயுற்ற மிஷனெரிமாரும் உண்டு.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் நான் பணியாற்றியபோது, பால்மரம் வெட்டும் அம்மையார் ஒருவர் அங்கிருந்த சிறு ஜெபவீட்டுக்கு வருவார். எழுத்தறியாதவர். வெட்டு முடிந்து திரும்பும்போதே, எந்த லயத்தில் அடுப்புப் புகையவில்லை என்று பார்த்துக்கொள்வார். மாலையில் அவ்வீட்டுக்குக் கஞ்சி போகும். இந்து வீடா, கிறிஸ்தவ வீடா என்ற கேள்வியே இல்லை. பவுல் தம் பட்டியலில் 'உதவிகள்' என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறார். அதன் பொருளை எனக்கு விளக்கியவர் இந்த அம்மையாரே.

பின்னர்த் தோட்டம் விற்கப்பட்டது. லயங்கள் இடிந்தன. மகனோடு ஈப்போ அடுக்குமாடிக்கு வந்தவருக்கு எல்லாக் கதவுகளும் அடைத்தே கிடந்தன. புகையைப் பார்த்து எதையும் அறிய வழியில்லை. அவர் வரமும் லயத்தோடு போயிற்றோ என நான் அஞ்சியதுண்டு.

வினாத்தாள் கொடுத்த அந்த ஞாயிறன்று, அவர் அதைப் பேத்தியிடம் நீட்டிவிட்டுப் போதகரிடம் சென்றார். “ஐயா, தூணோரம் உட்காருமே ஒரு பையன், மூணு வாரமா காணோமே, வீடு எங்கேன்னு தெரியுமா?” என்றார். போதகர் பதிவேட்டைப் புரட்டலானார்.