தாய்மாமன் ஷாட்

விஸ்காம் படிக்கிற பிள்ளைகளில் பலருக்குக் கையில் முதல் காசு கல்யாண வீடியோவில்தான் வருகிறது. வகுப்பில் குறும்படம் பற்றிப் பேசுவார்கள், முகூர்த்த நாளில் ஏதாவது மண்டபத்தில் கேமரா பிடிப்பார்கள். இந்த இரண்டாவது படிப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்கக் கும்பகோணத்தில் ஒரு வீடியோ யூனிட்டோடு ஒட்டிக்கொண்டேன். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். யூனிட்டை நடத்துகிறவரை எல்லாரும் மாஸ்டர் என்கிறார்கள். வி.எச்.எஸ். கேமராவைத் தோளில் சுமந்த காலத்து ஆள். அவரிடம் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் இரண்டாவது கேமரா.

பையன் கிம்பலோடு வந்திறங்கினான். மாஸ்டர் அதை வாங்கி வேனிலேயே போட்டுப் பூட்டிவிட்டார். "இன்னிக்குப் பூரா ட்ரைபாடுதான்டா தம்பி." பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு மாஸ்டர் கட்சிதான். கிம்பல் கைக்கு வந்துவிட்டால் இந்தப் பிள்ளைகள் நிற்கவே மாட்டார்கள். ஒவ்வொரு ஷாட்டும் எங்காவது போய்க்கொண்டே இருக்கும். எடிட்டிங்கில் உட்காருகிறவர் எந்த இடத்தில் வெட்டுவார்?

மண்டபத்து வெளிச்சம் ஒரே மாதிரி இருப்பதில்லை. வாசலில் வெயில், கூடத்தில் டியூப்லைட், மணவறையில் மஞ்சள் விளக்கு. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால், வாசலிலிருந்து மேடைக்குப் பேன் பண்ணி முடிப்பதற்குள் பட்டுப்புடவை நிறம் மாறிவிடும். அதனால் மூன்று கேமராவையும் ஒரே கெல்வினில் பூட்டினார்கள். ஷட்டரில்தான் சிக்கல். பையன் யூடியூபில் ஓர் அமெரிக்கரிடம் பாடம் கேட்டு 1/60-ல் வைத்திருந்தான். சீரியல் லைட் எரிகிற இடமெல்லாம் மானிட்டரில் பட்டை பட்டையாக ஓடியது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. 25 ஃப்ரேமுக்கு 1/50-ல் வைத்ததும் பட்டைகள் அடங்கின. ஹோமப் புகை கிளம்பியதும் ஆட்டோ ஃபோகஸையும் அணைக்கச் சொன்னார். புகையைப் பிடித்துக்கொண்டு லென்ஸ் அலையும், அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை மங்கிப் போவார்.

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகக் கூட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் ஸ்டூலில் ஏறி ரெக்கார்டை அழுத்திவிட்டார். அவர் கண் ஐயரின் வலது கையில் இருந்தது. அந்தக் கை மேளக்காரரைப் பார்த்து உயர்ந்து, ‘கெட்டிமேளம்’ என்ற குரல் வந்துவிட்டால் மண்டபமே எழுந்து நிற்கும், அட்சதை பறக்கும், செல்போன்கள் குறுக்கே நீளும். அப்புறம் ஸ்டூல் தேடிப் புண்ணியமில்லை. பையனுக்குக் கொடுத்த வேலை வேறு. பெண்ணுக்குப் பின்னால் நிற்கிற நாத்தனார், பக்கத்தில் பெண்ணின் அம்மா, இந்த இரண்டு பேர் மட்டும். "தாலிய நான் பாத்துக்கறேன். மேளம் கொட்டினாலும் நீ இந்தப் பக்கம் திரும்பக் கூடாது."

மேளம் கொட்டியது. பையன் திரும்பவில்லை. அவன் மானிட்டரை எட்டிப் பார்த்தேன். மூன்றாம் முடிச்சுப் போட வேண்டிய நாத்தனாரின் விரல்கள் மாலைக்கும் ஜடைக்கும் நடுவே மஞ்சள் கயிற்றைத் தேடித் தடுமாறுகின்றன. அம்மா தன் கையிலிருந்த அட்சதையைப் போட மறந்து, மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நிற்கிறார். மேடையில் எல்லாரும் தாலியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இது இவன் ஒருவன் கேமராவில்தான் விழுந்தது.

ஆடியில் கல்யாணம் கிடையாது, தேங்கிக் கிடக்கிற எடிட்டிங் எல்லாம் அப்போதுதான் நகரும். மறுபடியும் போனேன். டீக்கடை மாடியில் ஏ.சி. போட்ட சின்ன அறை, இரண்டு மானிட்டர், எடியஸ் மென்பொருள். எடிட் பண்ணுகிறவரைப் பையன் அக்கா என்று கூப்பிடுகிறான். 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜி.பி. ஆகிறது. மூன்று கேமரா, இரண்டு பிரதி என்றால் ஹார்ட் டிஸ்க் செலவை யோசித்துக்கொள்ளுங்கள். மினி டி.வி. கேசட்டில் 60 நிமிஷம்தான், அதனால் யோசித்து எடுத்தோம் என்று மாஸ்டர் அலுத்துக்கொண்டார்.

பையன் எடுத்ததை அவனையே உட்காரவைத்து முதலிலிருந்து ஓட்டவிட்டார் அக்கா. என்னைக் கேட்டால், இதைவிடக் கடுமையான ஆசிரியர் கிடையாது. தாலி நேரம் பிரமாதம். மற்றதெல்லாம் ஷாட் நிலைத்து நிற்பதற்குள் ரெக்கார்டை நிறுத்தியிருக்கிறான். பெண்ணின் தோழிகள் விழுந்து விழுந்து சிரிக்கிற காட்சி ஸ்லோ மோஷனில் இருக்கிறது, அந்த மோடில் அவன் கேமரா சத்தத்தைப் பதிவு செய்வதில்லை. "சிரிக்கிறாங்க சரி, சிரிப்பு எங்கடா?" என்றார் அக்கா. பாட்டுப் போட்டு மூடிவிடலாம் என்றான். அவர் கேட்கவில்லை. மாஸ்டர் கேமராவிலிருந்த மண்டபச் சத்தத்தில் அந்தச் சிரிப்பைத் தேடி எடுத்து, படம் வருவதற்கு ஒரு விநாடி முன்பே கேட்கிற மாதிரி இழுத்து வைத்தார். வெட்டு இருந்த இடமே தெரியவில்லை.

பையன் வால்டர் மர்ச் படித்தவன். வெட்டுகிற இடத்தை முடிவு செய்வதில் உணர்ச்சிக்கு 51 சதவீதம் கொடுத்தவர் அவர் என்று எனக்குச் சொன்னான். அதே மர்ச் 1996-ல் வந்த ‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’ படத்துக்குத் தொகுப்பு, ஒலி இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கினார். இந்தப் பிள்ளைகள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுக் காதைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். நாதஸ்வரம் தவிலோடு உச்சத்துக்குப் போகும்போது மைக் அளவைக் குறைக்காமல் விட்டால் சத்தம் கிழிந்துவிடும். கிழிந்ததை எந்த மென்பொருளும் முழுசாகத் தைத்துத் தராது.

மர்ச் சொல்லாத விதி ஒன்றும் இந்த அறையில் இருக்கிறது: உறவுமுறை. யார் முகத்தில் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்பதை அழகு தீர்மானிப்பதில்லை. பெரியப்பாவுக்கு முன்னால் சித்தப்பா வந்தால் போன் வரும். பந்தியில் சம்பந்தி விடுபட்டால் சண்டையே வரும். நான் இருக்கும்போதே பெண்ணின் அப்பாவிடமிருந்து கரெக்‌ஷன் வந்தது. தாய்மாமன் மாலை போடுவது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறதாம். ஓட்டிப் பார்த்தார்கள். மாலை கழுத்தில் விழுந்த மூன்றாம் விநாடியில் பையனின் கேமரா மணவறைப் பூ அலங்காரத்துக்குத் திரும்பியிருந்தது. பூ அலங்காரம் நன்றாகத்தான் வந்திருக்கிறது.

அக்கா அவனைத் திட்டவில்லை. கூடத்தின் கோடியில் யாரும் தொடாமல் நின்ற மூன்றாவது கேமராவைத் திறந்தார். அது 4கே, டைம்லைன் ஃபுல் எச்.டி. இரண்டு மடங்குவரை உள்ளே இழுத்தாலும் படம் உடையாது. தூரத்துக் கூட்டத்திலிருந்து மாமனை இழுத்துப் பக்கத்தில் கொண்டுவந்தார். எட்டு விநாடி கிடைத்தது, முதுகுப் பக்கமாக. மாமன் ஒத்துக்கொண்டாரா என்பது தெரியவில்லை.

பையன் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிற வீட்டுக்குப் போன் போட்டான். "சார், வீடியோ யூனிட்லேர்ந்து பேசறேன். பொண்ணுக்குத் தாய்மாமன் எத்தனை பேரு சார்? மூணா? மூணு பேருமே மாலை போடுவாங்களா?"