அமானிதமாய் ஒரு வீடு

பொருளீட்டக் கடல் கடந்தோர் நம் சமுதாயத்தில் ஏராளம். அவர்கள் விட்டுச்சென்ற வீட்டுச் சாவிகள் உற்றார், நண்பர் கைகளில் உள்ளன. ஜித்தாவில் பணிபுரியும் நண்பரின் சோழவரம் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது.

சோழவரம் என்றதும் முதியோருக்குச் சென்னையின் தாகம் தீர்க்கும் ஏரியும், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த மோட்டார் பந்தயங்களும் நினைவுக்கு வரும். இன்றோ நெடுஞ்சாலை ஓரமெங்கும் கிடங்குகள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்வோரும் இங்கு வாடகைக்குக் குடியமர்கின்றனர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் 622-ஆம் ஆண்டு மக்காவைத் துறந்தபோது, தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பொருள்களை உரியவரிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். கொல்லத் துணிந்த ஊராரின் பொருள்கள் அவை! நண்பரின் பொருளுக்கு நாம் எவ்வளவு கவனம் கொள்ள வேண்டும்?

நட்பிருக்கப் பத்திரம் எதற்கு என்பர் சிலர். கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கும் நீண்ட வசனம் (2:282) திருமறையில் இருக்கிறதே! நண்பர் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகார ஆவணம் அனுப்பினார். இங்கு வந்த மூன்று மாதங்களுக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். 2017-இல் இயற்றப்பெற்று 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டமோ எழுத்து வடிவ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. உரிமையாளர் வெளிநாட்டில் வாழ்வதால், வாடகை தருபவரே வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டும் என்பதைக் குடியிருப்பவருக்கு விளக்குவதற்குள் நமக்கு வியர்த்துவிடும்!

இவையெல்லாம் எளியவை. 2020 ஊரடங்கில் குடியிருந்தவர் வேலையிழந்தார். தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கலாகாது என மத்திய அரசு மார்ச் 29 அன்று ஆணையிட்டது. அதற்கடுத்த இரு மாதங்களுக்கு என்ன செய்வது? வறுமையுற்ற கடனாளிக்கு அவகாசம் தரவும், விட்டுக்கொடுப்பது அதனினும் மேலெனவும் திருமறை (2:280) கூறுகிறது. ஆனால் விட்டுக்கொடுக்கும் உரிமை பொருளுக்குரியவருக்கே உண்டு, பொறுப்பாளனுக்கு இல்லை. பிறர் பணத்தில் நான் வள்ளலாவது எங்ஙனம்? நண்பருக்கும் அங்கே பாதிச் சம்பளம். அவ்வாடகையை நம்பியே அவர்தம் தாயாரின் மருந்துச் செலவு. இருவர் நிலையையும் மறைக்காமல் இருவரிடமும் கூறினேன்.

தொலைபேசியில் நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பின், “முதல் மாதத்தை விட்டுவிடுங்கள். மற்றவற்றை அவருக்கு இயன்றபோது தரட்டும்” என்றார்.

குடியிருந்தவர் சிறுகச் சிறுகச் செலுத்தி 2021 பிப்ரவரியில் கணக்கை முடித்தார். கடைசித் தவணைக்கு நான் ரசீது எழுதியபோது, அந்த முதல் மாதத்தையும் தந்துவிடுகிறேன் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அதைப் பெறவும் எனக்கு அதிகாரமில்லை என்று சொல்லி, நண்பரின் எண்ணை அவரிடம் எழுதிக் கொடுத்தேன்.