தேதி போடாத குறிப்பு

சும்மா கிடக்குற கணினியை ஆராய்ச்சிக்கு ஓட விடுற பாயிங்க் மென்பொருளை எப்படி நிறுவுறதுன்னு எங்க குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதி வச்சிருந்தேன். பல வருஷமா அதைத் தொடவே இல்லை.

போன வாரம் அத்தை பையன் போன் பண்ணான். "மச்சான், செட்டி அட் ஹோம் சேர்க்கச் சொல்லியிருக்கீங்க, பட்டியல்ல காணோமே?" எப்படி இருக்கும்? வேற்றுக்கிரக சிக்னல் தேட 1999-ல பெர்க்லியில ஆரம்பிச்ச திட்டம், 2020 மார்ச் 31-ஓட புது வேலை அனுப்புறதையே நிறுத்திடுச்சு. அவனே பல்சர் தேடுற ஐன்ஸ்டைன் அட் ஹோமைச் சேர்த்துக்கிட்டான்.

அதோட விட்டானா? "லேப்டாப் கொதிக்குது மச்சான்." சி.பி.யு.வை 100% வைங்கன்னு எழுதினது அடியேன்தான்! அன்னிக்கு எனக்குப் புள்ளி ஏறணும், அவ்வளவுதான். மேசைக் கணினி தாங்கும், மணிக்கணக்கா முழு வேகத்துல ஓடினா மடிக்கணினிக்கு மூச்சு முட்டும். நல்லவேளை, எதுவும் ஆகலை.

ராத்திரியே உட்கார்ந்து மாத்தினேன். பாதி கோர் போதும், பேட்டரியில ஓடுறப்ப நிறுத்தி வைக்கணும்னு சேர்த்தேன். பெருமையா அம்மாகிட்ட படிக்கக் கொடுத்தா, "மின்னஞ்சல் எதுக்குடா கேக்குது?"ன்னாங்க. திட்டத்துல கணக்கு திறக்கத்தான். எனக்குத் தெரிஞ்சதால அதை எழுதவே தோணலை பாருங்க.

இப்போ முதல் வரியில தேதி இருக்கு. நீங்களும் எழுதிட்டு மறந்தது ஏதாவது இருந்தா எடுத்துப் பாருங்க மக்களே. யாரோ அதை நம்பி உட்கார்ந்திருப்பாங்க :-)