வண்டியைத் தூக்குமுன்



மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பராமரிக்க எந்த ஜாக்கி வாங்கலாம் என்று வாலிபர் கூடுகைக்குப் பின் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. போதகரிடம் கேட்கத்தக்க கேள்வியா என்று தயங்கவேண்டியதில்லை. கிராமச் சபைகளுக்கு நெடுங்காலமாக இருசக்கர வாகனத்திலேயே சென்றுவருகிற எனக்கு இது பழகிய விஷயந்தான்.

முதலாவது உங்கள் வண்டியின் அடிப்புறத்தைக் குனிந்து பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு இருக்குமானால், செயினுக்கு எண்ணெயிடவும் பின்சக்கரத்தைக் கழற்றவும் அதுவே போதும். வீணாகப் பணம் செலவிடாதீர்கள். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் அது உண்டு. வாலிபர் விரும்பும் கேடிஎம் டியூக் போன்றவற்றில் இல்லை. இவற்றிற்கு ஏற்றது பேடாக் ஸ்டாண்டு என்னும் இரும்புத் தாங்கி. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சுவிங் ஆர்மின் கீழ் அதைப் பொருத்தி நெம்புகோல்போல் அழுத்தினால் சக்கரம் தரையைவிட்டு எழும்பும். ரப்பர் பதித்த தட்டையான முனை வழுக்கக்கூடும். சுவிங் ஆர்மில் திருகிய சிறு உருளைகளைக் கவ்விக்கொள்ளும் கொக்கி முனையே உறுதியானது. அதற்கான திருகுத்துளை உங்கள் வண்டியில் உண்டா, அது 6 மி.மீ.யா, 8 மி.மீ.யா, 10 மி.மீ.யா என்று அறிந்தபின் கடைக்குச் செல்லுங்கள்.

கத்தரிபோல் விரியும் திருகு ஜாக்கியும் உண்டு. அது எஞ்சினுக்குக் கீழே ஓடும் சேசிஸ் குழாய்களைத் தாங்கவேண்டும். சில வண்டிகளில் அந்தக் குழாய்களே கிடையாது. எஞ்சினின் அடிப்பாகமே வெளியே தெரியும். அங்கே ஜாக்கியைக் கொடுத்தால் ஆயில் தங்கும் பகுதி விரிசல்விடலாம், சைலன்சர் குழாய் நசுங்கலாம்.

“வீட்டில் கார் ஜாக்கி இருக்கிறதே ஐயா, இரண்டு டன் தூக்குமே” என்பார்கள். தூக்கும், ஆனால் சாயாமல் நிறுத்திவைக்காது. 150 கிலோ வண்டிக்கு டன் கணக்கில் பலம் எதற்கு? அகன்ற தாங்குதலையே அதற்குத் தேவை. பாட்டில் ஜாக்கியின் தலை உள்ளங்கையளவுகூட இராது.

காலால் மிதித்து எழுப்பும் ஹைட்ராலிக் ஜாக்கி சற்று விலை கூடியது. மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்பது அதன் தத்துவம். 1662இல் மரித்த பிளேஸ் பாஸ்கல் விளக்கிச்சொன்னது அது. (அவருடைய விசுவாசச் சிந்தனைகளை இறையியல் கல்லூரியில் கற்றேன், திரவ விதியைக் கற்றது மெக்கானிக் கடையில்!) உள்ளிருக்கும் ரப்பர் சீல் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து, எழுப்பிய வண்டி தானாக இறங்கும். ஆகையால் இரும்புப் பூட்டு இல்லாத ஹைட்ராலிக் ஜாக்கியை வாங்கவேண்டாம். பூட்டைப் போடாமல் வண்டிக்கடியில் கைநீட்டவும் வேண்டாம்.

புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்பது உபாகமத்தில் உள்ள கட்டளை. விழக்கூடியவர் வீட்டுக்காரர் மட்டுமல்லவே. எழுப்பி நிறுத்திய வண்டியருகே பிள்ளைகள் ஓடிவருவார்கள். சமமான சிமெண்டுத் தரையில் வேலைசெய்யுங்கள். எழுப்பும்போது ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள ஒருவர் உடனிருக்கட்டும். எழுப்பியபின் முன்பிரேக் பிடியை ஒரு கயிற்றால் இறுகக் கட்டிவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அஞ்சவைப்பது வேறொன்று. பின்சக்கரம் எழும்பியதும், துடைப்பதற்கு எளிதாயிருக்குமென்று எஞ்சினை இயக்கி, கியரில் போட்டு, ஓடும் செயினில் துணியைப் பிடிக்கிறார்கள். துணி சிக்கிய கணத்தில் விரலும் பல்சக்கரத்திற்குள் இழுக்கப்படும். கையை விலக்க அவகாசம் கிடையாது. இப்படி இரண்டு விரல்களை இழந்த ஒரு வாலிபரை மருத்துவமனையில் சந்தித்து ஜெபித்திருக்கிறேன். ஆராதனையில் கிட்டார் வாசித்தவர் அவர். அவருடைய தாயாருக்குச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அருகே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

எனவே, பிரியமானவர்களே, எஞ்சினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி, செயினின் கீழ்ப்பகுதியில், பல்சக்கரத்துக்கு விலகிய இடத்தில் துடையுங்கள். அரைமணி நேர வேலை. ஞாயிறு காலையில் ஆலயமணி அடிக்கையில் தொடங்காமல், சனிக்கிழமை மாலையில் வெளிச்சமிருக்கும்போதே செய்துவிடுங்கள்.